கட்டிலுக்குக் கீழே ஒரு பால்மாப் பேணி

முதலிலேயே சொல்லிவிடுகிறோம். இந்தக் கட்டுரையை எழுதுவது இரண்டு பேர், அக்காவும் தங்கையும். இரண்டு பேரும் யாழ்ப்பாணத்தில் கலைப்பீடம். ஒருத்தி மூன்றாம் வருடம், மற்றவள் இரண்டாம் வருடம். சொந்த இடம் மன்னார், உயிலங்குளம். கதையில் வரும் தம்பி எங்கள் சொந்தத் தம்பி, உயர்தரம் படிக்கிறான், தொழில்நுட்பப் பிரிவு. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறோம். "என்ர பேர் மட்டும் போடாதீங்கோ" என்றான். போடவில்லை.

தை மாதம் லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தோம். காலபோக நெல் கதிர் தள்ளி நின்ற நேரம். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் விளைகிற வயல்கள் எல்லாவற்றுக்கும் அந்த மாதத்தில் ஒரே எதிரிதான்: பன்றி. ஒரு இரவில் பத்துப் பன்றி இறங்கினால் காலையில் வயலைப் பார்க்க மனம் வராது. சாப்பிட்டதைவிட உழக்கி மிதித்ததுதான் கூட. மாமாவின் வயலில் அப்படி இரண்டு தடவை நடந்துவிட்டது. தம்பி மாமாவோடு காவல் கொட்டிலில் படுத்துவிட்டு, விடியத் தூங்கி வழிந்துகொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

ஒருநாள் மத்தியானம் எங்களைக் கூப்பிட்டான். "அக்கா, ஒண்டு காட்டுறன். அம்மாட்டச் சொல்லக்கூடாது."

கட்டிலுக்குக் கீழேயிருந்து ஒரு பெரிய பால்மாப் பேணியை இழுத்தான். உள்ளே பழைய சாரத் துண்டில் சுற்றி, ரவைகள். எண்ணிப் பார்த்தோம், முப்பத்தொன்று. சிலது பச்சை பிடித்திருந்தது. சிலது துரு ஏறி மண்ணோடு மண்ணாக ஒட்டியிருந்தது. வேலிக்குக் கட்டை நடக் கிடங்கு தோண்டும்போது கிடைத்ததாம். அதே பேணியில் தாத்தாவின் காலத்து வேட்டைத் துவக்குக்கான வெற்றுக் கோதுகளும் ஆறு கிடந்தன. பக்கத்தில் ஒரு குறடு, ஒன்லைனில் வாங்கிய சின்ன டிஜிற்றல் தராசு.

"இதென்னடா?"

போனை எடுத்து ஒரு வீடியோவைப் போட்டான். அமெரிக்காவில் ஒரு நரைத்த மனிதர், வீட்டுக் கராஜில் மேசை போட்டு, சுடப்பட்ட வெற்றுக் கோதுகளைத் திரும்ப ரவையாக்குகிறார். மேசையில் ஒரு கைப்பிடி அழுத்தி, அச்சுகள், மருந்து அளக்கும் தராசு, கோது கழுவும் இயந்திரம். பார்க்க எங்கள் ஊரில் அம்மாமார் முறுக்கு உரலில் மாப் பிழிவதுபோல அவ்வளவு அமைதியான வேலை. ஒரு கோதை வைக்கிறார், கைப்பிடியை இறக்குகிறார், அடுத்தது.

"அங்க சட்டப்படி வீட்டிலயே செய்யிறாங்கள். இந்த ரவையில இருக்கிற மருந்தை எடுத்துத் தாத்தாவின்ர கோதுக்குள்ள போட்டா பன்றிக்குச் சரி. மேற்கு வளவு ஐயாவிட்ட லைசன்ஸ் துவக்கு இருக்குத்தானே" என்றான்.

இங்கே நாங்கள் நல்ல பிள்ளைகளாக நடந்துகொண்டோம் என்று எழுத ஆசைதான். நடக்கவில்லை. அந்த வீடியோவை மூன்று பேருமாக இருந்து முழுதாகப் பார்த்தோம். அடுத்ததையும் பார்த்தோம். பிறகு எங்களில் ஒருத்தி ஒரு ரவையைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தாள். மற்றவள் குறட்டை எடுத்துக் கொடுத்தாள். யார் எது என்று சொல்லப்போவதில்லை. அதற்காகத்தான் 'நாங்கள்' என்று எழுதுகிறோம்.

அந்த நேரம் முற்றத்தில் சித்தியின் சைக்கிள் மணி கேட்டது.

சித்தியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். சித்தப்பா இல்லாமல் போன பிறகு இரண்டு பிள்ளைகளோடு ஆறு வருடம் மிதிவெடி அகற்றும் வேலைக்குப் போனவர். வடக்கில் அந்த வேலைக்குப் போகிற பெண்கள் நிறையப் பேர், அதிலும் வீட்டுப் பொறுப்பைத் தனியே சுமக்கிறவர்கள். பாரமான அங்கியும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, வெயிலுக்குள் முழங்காலில் இருந்து, விறாண்டியால் மண்ணை மெல்ல மெல்லச் சுரண்டி எடுக்கிற வேலை. நாள் முழுக்கச் செய்தாலும் பாய் விரிக்கிற அளவு இடம்தான் முடிந்திருக்கும் என்பார்.

சித்தி அறைக்குள் வந்து, பேணியைப் பார்த்தார், குறட்டைப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தோம். கத்தவில்லை.

"கையில இருக்கிறதை மெதுவா பாயில வையுங்கோ. போடாதேங்கோ, வையுங்கோ. வச்சிட்டு மூண்டு பேரும் வெளியில வாங்கோ."

வந்தோம். வேப்பமரத்துக்குக் கீழே இருத்திவைத்து, தம்பியிடம் அந்த வீடியோவைத் தனக்கும் காட்டச் சொன்னார். முழுதாகப் பார்த்தார். பிறகு கேட்டார்: "இந்த மனுசன் முதல்ல என்ன சொன்னவர்? இங்கிலீசு எனக்கு விளங்காது. நீங்கள் படிச்சனீங்கள்தானே, சொல்லுங்கோ."

திரும்பப் போட்டுக் கேட்டோம். முதல் தடவை நாங்கள் தள்ளிவிட்ட பகுதி அது. அவர் சொன்ன விதிகள் இவை: கண்ணாடி போடாமல் உட்காராதே. மேசையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு வகை மருந்துதான் இருக்கவேண்டும். அளவை அச்சடித்த கையேட்டில் பார், ஊகிக்காதே. கதைத்துக்கொண்டோ களைத்துப்போயோ செய்யாதே. எல்லாவற்றுக்கும் மேலே, பெயர் ஒட்டாத மருந்தை, எங்கிருந்து வந்ததென்று தெரியாத மருந்தை ஒருநாளும் பாவிக்காதே. அப்படி ஒன்று இருந்தால் அதை அகற்றிவிடு.

சித்தி பேணி இருந்த அறையைக் காட்டினார். "அப்ப இதில எதுக்குப் பேர் ஒட்டியிருக்கு?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அன்றைக்குச் சித்தி சொன்னதையும், பிறகு நாங்கள் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறோம். ஒரு ரவையில் நாலு பாகம். வெளியே கோது. முன்னுக்குச் சன்னம். உள்ளே மருந்து. அடியில் நடுவே சின்னப் பொட்டுப் போல ஒரு மூடி, அதற்குப் பிறைமர் என்று பெயர். அடி பட்டால் வெடிப்பதற்கென்றே செய்யப்பட்ட பொருள் அந்தப் பொட்டுக்குள்தான் இருக்கிறது. துவக்கின் ஊசி வந்து தட்டினாலும் சுத்தியல் தட்டினாலும் அதற்கு வித்தியாசம் தெரியாது. துவக்குக்குள் வெடித்தால் இரும்புக் குழாய் அதைத் தாங்கும். கையில் வெடித்தால் கோது கிழிந்து துண்டு துண்டாகப் பறக்கும். சன்னத்தைவிட அந்தத் துண்டுகள்தான் கண்ணையும் விரலையும் எடுக்கும்.

மருந்தும் சும்மா கிடப்பதில்லை. காலப்போக்கில் அது சிதையும். சூடும் ஈரமும் மாறி மாறிப் பட்டால் இன்னும் விரைவாகச் சிதையும். மன்னார் வெயிலிலும் வயல் ஈரத்திலும் பதினைந்து வருடத்துக்கு மேல் கிடந்த ரவை எந்த நிலையில் இருக்கிறது என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. சிலது வெடிக்காது. சிலது வெடிக்கும். அது எது என்று தெரியாததுதான் பிரச்சினை.

இன்னொன்று, துவக்கு ரவையின் மருந்தும் வேட்டைக் கோதின் மருந்தும் ஒரே வேகத்தில் எரிவதில்லை. ஒன்றை மற்றதற்குள் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. குழாய் பிளந்து, சுடுகிறவர் முகத்தில் வெடிக்கவும் கூடும். தம்பியின் திட்டம் நடந்திருந்தால் பன்றிக்கு ஒன்றும் ஆகாமல் போயிருக்கலாம். மேற்கு வளவு ஐயாவுக்குத்தான் ஆகியிருக்கலாம்.

பிறைமரிலும் இரண்டு வகை இருக்கிறதாம். பொக்சர் என்ற இங்கிலாந்துக்காரர் செய்தது ஒன்று, பேர்டன் என்ற அமெரிக்கர் செய்தது மற்றது. வேடிக்கை என்னவென்றால், அமெரிக்க வீடுகளில் பாவிப்பது இங்கிலாந்துக்காரரின் வகை. எங்கள் மண்ணில் கிடக்கிற ரி-56 துவக்கின் ரவைகளில் இருப்பதோ பெரும்பாலும் அமெரிக்கரின் வகை. அந்தக் கராஜ் மேசையில் இருந்த கருவிகள் அதற்குப் பொருந்தவே பொருந்தாது. தம்பியை இது கொஞ்சம் நோகடித்தது என்று நினைக்கிறோம். பயப்படுத்தினால் ஆம்பிளைப் பிள்ளைகள் வீம்புக்கு நிற்பார்கள். 'உன்ர கணக்கே பிழை' என்று காட்டினால்தான் கேட்பார்கள்.

சரி, இனி இதை என்ன செய்வது? உண்மையான பிரச்சினை இங்கேதான் தொடங்கியது.

அம்மாவுக்குத் தெரிந்ததும் முதலில் அழுதார். பிறகு ஒரே வார்த்தை: "குளத்தில போட்டிட்டு வாங்கோ. பொலிசுக்குச் சொல்லவேண்டாம்."

அம்மாவைப் பிழை சொல்லமுடியாது. வெளியிலிருந்து வாசிக்கிறவர்களுக்கு இது விளங்க உயிலங்குளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்தபோது எங்கள் ஊர் ஒரு வாசல். இந்தப் பக்கம் இராணுவம், அந்தப் பக்கம் இயக்கம். கிழக்கே ஓமந்தை எப்படியோ அப்படித்தான் மன்னாருக்கு உயிலங்குளம். பை திறந்து, அடையாள அட்டை காட்டி, பெயர் பதிந்துதான் போகவேண்டும், வரவேண்டும். எங்களில் ஒருத்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றதாக அம்மா சொல்வார். 2007இல் சண்டை கிட்ட வர, நானாட்டானில் உறவினர் வீட்டுக்குப் போனோம். 2008இல் மடு, அடம்பன் என்று ஒவ்வொன்றாக இராணுவத்திடம் போனது. 2010இல் திரும்பி வந்தபோது கிணற்றுக்குள் கூரைத் தகரம் கிடந்தது, மாமாவின் வயலுக்குக் குறுக்கே மண் அணை நின்றது.

அந்தக் காலத்தில் வீட்டில் ஒரு ரவை எடுபட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னும் ஊர்ச் சனத்தின் வாயில் ஒரு நோயின் பெயர் மாதிரித்தான் இருக்கிறது. 'எங்கயிருந்து வந்தது, ஆர் தந்தது, எவ்வளவு நாளா வச்சிருக்கிறாய்' என்ற மூன்று கேள்விக்குப் பயந்துதான் ஊரில் ஆயிரம் பேணிகள் கட்டிலுக்குக் கீழே கிடக்கின்றன. ஆசையால் இல்லை.

ஆனால் சித்தி கேட்டார்: "அக்கா, ஆடியில குளம் வத்தும். அப்ப ஆற்ற பிள்ளை எடுக்கும்?"

அம்மா பேசவில்லை. கொஞ்ச நேரத்தால் எழும்பி முகம் கழுவப் போனார்.

பின்னேரம் சித்தியும் அம்மாவும் கிராம சேவையாளரிடம் போனார்கள். அவர் பொலிசுக்கு அறிவித்தார். அன்றே வந்தார்கள். தம்பியையும் மாமாவையும் கூட்டிக்கொண்டு போய், கட்டை நட்ட கிடங்கைப் பார்த்து, வாக்குமூலம் எழுதினார்கள். மூன்று மணித்தியாலம். அம்மா அந்த மூன்று மணித்தியாலமும் வாசல்படியில் செபமாலையோடு இருந்தார். திரும்பி வந்தபோது தம்பியின் முகம் சின்னப்பிள்ளை முகம் போல இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை, கேட்டார்கள், சொன்னேன் என்றான். நீதிமன்ற அனுமதி எடுத்து, இரண்டு நாளில் விசேட அதிரடிப்படையின் ஆட்கள் வந்து கொண்டுபோனார்கள். கிடங்கிலும் தேடினார்கள். இன்னும் கொஞ்சம் கிடைத்தது. அதோடு ஒரு கைக்குண்டும்.

தம்பி அந்தக் கிடங்கில் அலவாங்கு போட்டவன். மாமாவும் போட்டவர். அன்றிரவு வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வயல் துப்புரவு செய்யப்பட்ட வயல்தானே என்று கேட்பீர்கள். ஆம். ஆனால் மிதிவெடி அகற்றுகிறவர்கள் குறிப்பிட்ட ஒரு ஆழம் வரைக்கும்தான் பார்ப்பார்கள். கட்டைக்குக் கிடங்கு அதைவிட ஆழம் போகும். கிணறு, மலசலகூடக் குழி, வீட்டு அத்திவாரம் எல்லாம் அப்படித்தான். இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் 2017 டிசெம்பரில் சேர்ந்தது. 2028 ஜூனுக்குள் அகற்றி முடிக்கவேண்டும் என்பது அதில் உள்ள காலக்கெடு. ஹலோ ட்ரஸ்ட், மாக், டாஷ், ஷார்ப் என்று சர்வதேச நிறுவனங்களும் உள்ளூர் நிறுவனங்களும் இராணுவத்தின் பிரிவும் இந்த வேலையில் இருக்கின்றன. அகற்றி முடிந்தது என்று ஒருநாள் அறிவித்தாலும் தனித்தனி ரவையும் குண்டும் மண்ணுக்குள் பல காலம் கிடக்கும். முதலாம் உலகப் போரின் செல்களை பிரான்சிலும் பெல்ஜியத்திலும் விவசாயிகள் இன்னும் உழும்போது எடுக்கிறார்கள். நூறு வருடம் தாண்டியும்.

ஆகவே, வீட்டில் ரவையோடு என்ன செய்வது என்பதற்கான எங்கள் குறிப்புகள் இவ்வளவுதான். ரிலோடிங் வீடியோக்களில் வருகிற மாதிரி வரிசையாகவே தருகிறோம்.

ஒன்று. கண்டால் தொடவேண்டாம். கையில் இருந்தால் எறியவேண்டாம், மெதுவாக வைத்துவிட்டு விலகுங்கள். ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தால் அதை நகர்த்தாமல், அந்த அறைக்குப் பிள்ளைகள் போகாமல் பாருங்கள்.

இரண்டு. குறடு, சுத்தியல், வாள், நெருப்பு நான்கும் கிட்ட வரக்கூடாது. பித்தளைக்காக வெட்டுவதும், 'வெடிக்குதா பாப்பம்' என்று அடுப்பில் போடுவதும் இதில் அடக்கம். பழைய இரும்புக்காரரிடம் கொடுப்பதும் தீர்வில்லை. ஆபத்தை இன்னொரு வீட்டுக்கு அனுப்புகிறீர்கள். கொழுத்திய குப்பைக்குள் வெடித்த செய்தி வராத வருடம் எங்கள் பக்கத்தில் இல்லை.

மூன்று. 'இது சின்ன ரவைதான்' என்று நீங்களே முடிவெடுக்கவேண்டாம். லோஞ்சரால் சுடுகிற 40 மில்லிமீற்றர் குண்டு பார்க்கக் கட்டையான பெரிய ரவை மாதிரித்தான் இருக்கும். சுட்டும் வெடிக்காமல் விழுந்தது என்றால் அது சுடாததைவிட ஆபத்து. நுனியில் நிறம் பூசிய ரவைகளில் எரிகிற மருந்தும் இருக்கலாம்.

நான்கு. கிணற்றிலோ குளத்திலோ கடலிலோ போடவேண்டாம். தண்ணீர் அதை இல்லாமல் ஆக்காது. கடலில் போட்டால் வலையில் வரும். மருந்தைப் பிரித்து மீனுக்கு வெடி செய்கிறவர்களிடம் கொடுப்பது இன்னும் மோசம். வெடி வைத்து மீன் பிடிப்பதை 1996ஆம் ஆண்டின் கடற்றொழில் சட்டமே தடுத்திருக்கிறது. அப்படிக் கை போனவர்கள் எங்கள் கரையில் இருக்கிறார்கள்.

ஐந்து. இடத்தை அடையாளம் வையுங்கள். தூரத்தில் ஒரு தடியில் சிவப்புத் துணி போதும். வந்த காலடியிலேயே திரும்பி வாருங்கள்.

ஆறு. சொல்லுங்கள். 119 பொலிஸ். தனியே போகப் பயமென்றால் கிராம சேவையாளரையோ, பங்குத் தந்தையையோ, பள்ளி அதிபரையோ கூட்டிக்கொண்டு போங்கள். யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்று எழுதி வையுங்கள். உடனே சொன்னவரைவிட, ஒளித்து வைத்தவருக்குத்தான் சிக்கல். அனுமதியில்லாமல் ரவையோ வெடிமருந்தோ வைத்திருப்பது எங்கள் நாட்டில் குற்றம்.

ஏழு. வீட்டில் யாரிடமாவது இப்படி ஒரு பேணி இருப்பது தெரிந்தால் கத்தவேண்டாம். கத்தினால் பேணி இடம் மாறும், அவ்வளவுதான். சித்தி மாதிரிப் பக்கத்தில் இருந்து வீடியோவை முழுதாகப் பாருங்கள்.

இதில் புதிதாக ஒன்றுமில்லை. திரும்பி வந்த காலத்தில் பள்ளிக்கூடத்தில் படம் காட்டி, நாடகம் போட்டு எங்களுக்கே சொல்லித்தந்தவைதான். ஏழு வயதில் ஒப்புவித்தோம். இருபத்திரண்டு வயதில் குறட்டை எடுத்துக் கொடுத்தோம். இடையில் என்ன நடந்தது என்று யோசித்தால், ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் விடை. மண்டையோட்டுப் பலகைகள் கழன்றன, வீதி கறுப்பாகப் போடப்பட்டது, போன் வந்தது. பயம் போய்விட்டது. மண்ணுக்குள் இருந்தது மட்டும் போகவில்லை.

எங்கள் வீட்டில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழ்களும் இருப்பது ஒரு பச்சை நிற ரவைப்பெட்டிக்குள். தண்ணீர் போகாது, கறையான் ஏறாது என்று அப்பா எங்கேயோ எடுத்துவந்தது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறோம். அது என்ன பெட்டி என்று ஒருநாளும் நினைத்ததில்லை. இப்போது மூடியைத் திறக்கும்போதெல்லாம் நினைக்கிறோம். அதைத் தூக்கி எறியப்போவதில்லை. வெறும் பெட்டியால் ஆபத்தில்லை என்று சித்தியும் சொல்லிவிட்டார்.

பன்றிக்கு என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். அம்மா, சித்தி, மாமி மூன்று பேரும் பழைய சேலைகளை எடுத்து வயலைச் சுற்றிக் கட்டினார்கள். காற்றில் ஆடினால் பன்றி தயங்கும். கயிற்றில் வெறும் பேணிகளையும் கட்டித் தொங்கவிட்டோம். முழுதாக நிற்கவில்லை, ஒரு மூலையில் புகுந்து கொஞ்சம் தின்றதுதான். மாசியில் மிச்சத்தை அறுத்தோம்.

கட்டும்போது சித்தி ஒரு ஊதாச் சேலையைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சண்டை நேரம் இப்பிடிச் சேலையளை வெட்டித் தைச்சு மண் நிரப்பி பங்கருக்கு அடுக்கினது. நல்ல சேலையள் எல்லாம் போச்சு." பிறகு அதை எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். வேறொன்றைக் கட்டினோம்.

தம்பி இப்போது அந்தத் தராசை விற்கப் போட்டிருக்கிறான். குறடு அடுக்களையில் இருக்கிறது. பால்மாப் பேணி வயலில், கயிற்றில் தொங்குகிறது.